நாலாம் எதிர்மனுதாரர்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் மனு கொடுத்ததில்லை. என் அப்பாவுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வராமல் போனபோது, ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டால் வந்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை, அதை நான் போய் ஞாபகப்படுத்தினால் கேவலம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு, பழைய நாற்காலியில் இருந்தே ஓய்வு பெற்றார். அவருடைய முதுகு அப்படியே எனக்கு வந்தது. ரயில் நிலைய அதிகாரியாக நான் இருந்த காலத்துப் புகைப்படங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. ஒன்றில்கூட நான் வளைந்து நிற்கவில்லை. பொது மேலாளருக்குப் பூச்செண்டு கொடுக்கும் படத்தில்கூட அவர்தான் குனிந்து வாங்குகிறார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் தங்கை, மனு எழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டாள்.

சட்டம் படிக்கிறேன் என்று அவள் சொன்னபோது அப்பாவுக்குப் பெருமைதான். சொத்து வழக்கு, பாகப்பிரிவினை என்று கௌரவமாக இருப்பாள் என்று நினைத்தார். அவளோ பொதுநல வழக்கு என்று கிளம்பிவிட்டாள். யாருக்கோ நடந்த அநியாயத்துக்காக, அதில் தனக்குக் கால் காசு லாபமில்லாத இன்னொருவர் போய் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதற்குப் பெயர் பொதுநல வழக்கு. பார்வையில்லாதவர்களின் ஓட்டை வேறொருவர் போடக் கூடாது என்று ஒரு வழக்கு. வீடில்லாதவர்களைப் பொது நூலகத்துக்குள் விட வேண்டும் என்று ஒரு வழக்கு. தண்டனைக் காலம் முடிந்தும் சிறையில் மறந்து விடப்பட்டவர்களுக்காக ஒரு வழக்கு. அவர்கள் வெளியே வந்த அன்று என் தங்கை சிறை வாசலில் நின்று குழந்தை மாதிரி கைதட்டினாள் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

அதன் பிறகு ஊரில் எனக்குப் பெயர் போய்விட்டது. காய்கறிக் கடையில், பஸ்ஸில், முடிவெட்டும் இடத்தில், எங்கே போனாலும் "நீங்க வக்கீலம்மாவோட அண்ணன்தானே?" என்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் திருத்துவேன். நான் அவளுடைய அண்ணன் இல்லை, அவள் என்னுடைய தங்கை. இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். இல்லை.

அவளுடைய முதல் பெரிய வழக்கு எங்கள் ரயில்வே மீதுதான். நடைமேடையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது விஷயம். எதிர்மனுதாரர்கள் வரிசையில் முதலில் ரயில்வே துறை, பிறகு பொது மேலாளர், பிறகு கோட்ட அதிகாரி, நாலாவதாக நிலைய அதிகாரி. அதாவது நான். நீதிமன்றச் சேவகர் என் மேசைக்கு வந்து சம்மன் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். மாலையில் வீட்டுக்குப் போனால், என் மீது வழக்குப் போட்ட வக்கீல் என் சமையலறையில் உட்கார்ந்து என் மனைவியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "எதிராளிக்கு இங்கயே போடவா, தனியா போடவா?" என்று அவளிடம் கேட்டாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு, மனுவில் என் பதவியை எழுத்துப் பிழையோடு அடித்திருக்கிறாள் என்பதை மட்டும் சுட்டிக் காட்டினேன்.

அவள் ஜெயித்தாள். கழிப்பறை கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் உத்தரவு. நான் நின்று கட்ட வைத்தேன். தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். தண்ணீர் நின்றதில்லை, தாழ்ப்பாள் உடைந்ததில்லை. பக்கத்துக் கோட்டங்களிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தோற்ற வழக்கை இவ்வளவு அழகாக நிறைவேற்றிய எதிர்மனுதாரரைத் தான் பார்த்ததே இல்லை என்று தங்கை எல்லோரிடமும் சொன்னாள். அதிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் நாலாம் நம்பர். தொலைபேசியில் அவள் என் மனைவியிடம், "அண்ணி, நாலாம் நம்பர் முழிச்சிட்டாரா?" என்று கேட்பது எனக்குக் காதில் விழும்.

அவள் தொழிலில் எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஒவ்வொரு மனுவின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி வரும். "ஆகவே மனுதாரர் இம்மாண்புமிகு நீதிமன்றத்தைத் தாழ்மையுடன் பணிந்து வேண்டிக்கொள்வது" என்று தொடங்கும். எங்கள் வீட்டுப் பெண் வருடக்கணக்காக இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு நெஞ்சை அறுக்கும். சொன்னால், "அது படிவம் அண்ணா. எல்லாரும் போடுறது" என்பாள். எல்லோரும் போடுவதை நாமும் போடுவதற்கு நாம் எதற்கு?

இப்போது மருத்துவமனை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பொது மருத்துவமனை ஆறு மாடி. என் மனைவிக்கு மூட்டு வலி. மூட்டு வைத்தியம் பார்க்கும் பிரிவை ஆறாவது மாடியில் வைத்திருந்தார்கள். வைத்தவர் மூட்டு வலி இல்லாதவராக இருக்க வேண்டும். அவளை லிஃப்டில் அனுப்பிவிட்டு நான் படியில் ஏறுவேன். எனக்கு லிஃப்ட் பிடிக்காது. கால் இருக்கும்போது பெட்டிக்குள் நின்று கொண்டு மேலே தூக்கப்படுவது எனக்குச் சரிப்படாது.

அந்தப் படிகளில் துப்புரவுப் பெண்களைப் பார்ப்பேன். அழுக்குத் துணி மூட்டை, தண்ணீர் வாளி, குப்பைப் பை, எல்லாம் அவர்கள் தோளிலும் கையிலும். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார்கள். அவர்களுக்கும் என்னைப் போலப் படிதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று யாரும் நினைக்க முடியாதபடி, லிஃப்ட் கதவருகில் பலகை தொங்கியது. துப்புரவுப் பணியாளர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது.

அந்தப் பெண்களில் மூத்தவரைத் தலைவி என்று கூப்பிடுவார்கள். பருத்த உடம்பு, உரத்த குரல். அவர்தான் என் தங்கையைத் தேடி வந்தார். மூட்டு வலிக்காரர்கள் லிஃப்டில் போகிறார்கள், அவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் படியில் போகிறோம், எங்கள் மூட்டு என்ன இரும்பா என்று கேட்டாராம். ஆனால் அவர்கள் பெயரில் வழக்குப் போட முடியாது. எல்லோரும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர்கள், பெயர் தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் மனுதாரராக நிற்க ஒப்புக்கொண்டிருந்தார்.

மனுத் தாக்கல் செய்ய வேண்டிய காலையில் அவர் பின்வாங்கிவிட்டார். அவருடைய மாப்பிள்ளை அந்த மருத்துவமனைக்கு மருந்து கொடுப்பவராம். அதோடு, வக்கீலம்மாவைப் பார்க்கப் போனவர்கள் யார் யார் என்று ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்துவிட்டது. நீதிமன்றம் அன்றோடு நீண்ட விடுமுறைக்கு மூடுகிறது. அன்றே உத்தரவு வாங்காவிட்டால், திறப்பதற்குள் அத்தனை பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தங்கை கறுப்புக் கோட்டோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தைச் சொன்னாள். என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும் கையெழுத்து?" என்றாள். தங்கை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அண்ணி அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்பவள், சொந்த நலன் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் தள்ளிவிடும். தங்கை தானே மனுதாரராகவும் வக்கீலாகவும் நிற்க முடியாது. பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் யாரிடமும் மனு கொடுத்ததில்லை" என்றேன்.

"தெரியும் அண்ணா. அதனாலதான் கேக்குறேன்" என்றாள் தங்கை. "உங்க பேர்ல ஒரு கீறல் கூட கெடையாது. பீரோவுல பட்டு மாதிரி மடிச்சு வெச்சிருக்கீங்க. ஒரு நாள் வெளியில எடுத்துப் போட்டாதான் என்ன?"

மூக்குக் கண்ணாடியைக் கொண்டு வரச் சொன்னேன். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க, முதல் வரியிலிருந்து படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். படியில் ஏறும் பெண் எந்த மாடியில் நின்று மூச்சு வாங்குவாள் என்பது வரை இருந்தது. மனிதர் எல்லோருக்கும் ஒரே மதிப்பு, இது சலுகை அல்ல, உரிமை என்று பக்கம் பக்கமாக நிமிர்ந்து நின்ற எழுத்து. எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே அந்த வரி.

பேனாவை எடுத்துத் "தாழ்மையுடன் பணிந்து" என்ற இரண்டு சொற்களையும் அடித்தேன். "வேண்டிக்கொள்வது" என்பதையும் அடித்து, மேலே "கேட்பது" என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதையும் போட்டேன். பிறகு கையெழுத்திட்டேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"கையெழுத்துப் போடுகிறேன்."

திரும்ப அச்செடுக்க நேரமில்லை. அவள் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். நானும் கூடவே போனேன். ரயில் புறப்பட்டுப் போகும் வரை நடைமேடையை விட்டு நகர்ந்து பழக்கமில்லை.

தங்கை பயந்தபடியே மனு பதிவாளர் அலுவலகச் சன்னலில் நின்றுபோயிற்று. உள்ளே இருந்த குமாஸ்தா கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டு, இது படிவத்தில் இல்லை என்றார். அடித்ததை மறுபடி எழுதி மனுதாரர் ஒப்பமிட்டால் உடனே எண் போட்டுத் தருவதாகவும், இல்லாவிட்டால் திருப்பத்தான் முடியும் என்றும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதி அவருக்கு விதி.

தங்கை என்னைத் தூணருகில் இழுத்துப் போனாள். தலைவியும் இன்னும் சில பெண்களும் அங்கே நின்றிருந்தார்கள்.

"ஒரு வார்த்த அண்ணா. இவங்க வேலை அண்ணா இது. எத்தன வருஷம் நான் எழுதுறேன், என் முதுகு வளஞ்சா போச்சு?"

"உன் முதுகைப் பற்றி நீ சொல்லலாம். என் முதுகைப் பற்றி நான்தான் சொல்ல முடியும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சின்ன வயதில் வருவது போலவே மூக்கு நுனியில் வந்தது. எனக்கும் நெருடலாகத்தான் இருந்தது. என் பிடிவாதத்துக்கு இன்னொருத்தர் சோற்றில் கை வைக்கும் உரிமை எனக்கில்லை. அதனால் தலைவியைப் பார்த்துச் சொன்னேன், இது உங்கள் விஷயம், நீங்கள் எழுதச் சொன்னால் எழுதுகிறேன் என்று.

தலைவி என்ன வார்த்தை அது என்று கேட்டார். தங்கை படித்துக் காட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தாழ்மையாதான் நாங்க தெனமும் கேட்டோம் ஐயா. மேனேஜர் ரூம் வாசல்ல நின்னு கேட்டோம். ஒப்பந்தக்காரர் கார் கதவுகிட்ட நின்னு கேட்டோம். ஒண்ணும் நடக்கல. ஒரு தடவ உங்கள மாதிரி கேட்டுத்தான் பாப்போமே."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டாள். சிரித்தால் அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம். கோட்டைச் சரிசெய்துகொண்டு, குமாஸ்தாவின் ஆட்சேபணையோடு மனுவை அப்படியே நீதிபதி முன்னால் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

பிற்பகலில் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. விடுமுறைக்கு முந்தைய நாள் என்பதால் அவர் முன்னால் காகிதக் கட்டு மலை போல் இருந்தது. மருத்துவமனையின் வக்கீல் எழுந்தார். வழவழவென்று பேசுகிறவர். மனுதாரருக்கு நீதிமன்றத்தின் மீது மரியாதை இல்லை, படிவத்தின் மரியாதைச் சொற்களைக் கையாலேயே அடித்திருக்கிறார், இதைத் தொடக்கத்திலேயே தள்ள வேண்டும் என்றார்.

நீதிபதி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, இத நீங்களா அடிச்சீங்க?"

"ஆமாம் அம்மா. பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது."

"ஏன் அடிச்சீங்க?"

நடைமேடையில் நிற்பது போல நின்றேன். "உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு அம்மா. உதவி கேட்டு வந்திருந்தால் தாழ்மையாகத்தான் கேட்டிருப்பேன். ஆனால் இது உதவி இல்லை, உரிமை என்று என் வக்கீல் முதல் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். பக்கம் பக்கமாக உரிமை என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் கெஞ்சினால், முன்னால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். நான் பொய்யில் கையெழுத்துப் போடுவதில்லை."

நீதிபதி என் தங்கையிடம் திரும்பி, இதுதான் உங்கள் வாதமா என்று கேட்டார். இத்தனை வருடம் அந்தச் சொல்லை எழுதியவள் அவள். அவள் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, தான் தயாரித்து வந்த வாதத்தைவிட இது நன்றாக இருப்பதால் இதையே தன் வாதமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்றுதான் சொன்னாள், வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை. அது என் காதுக்குத் தப்பவில்லை.

எதிர் வக்கீல் விடவில்லை. தனிப்பட்ட நலன் இல்லை என்று மனுதாரர் சத்தியம் செய்திருக்கிறார், ஆனால் இது முழுக்க அவருடைய சொந்த கௌரவப் பிரச்சினை என்பது இப்போது தெரிந்துவிட்டதே என்றார்.

"கௌரவம் அவருக்கு மட்டுமா சொந்தம்?" என்றார் நீதிபதி. "சரி, அந்தப் பலகைக்கு வருவோம்."

அழுக்குத் துணியும் நோயாளியும் ஒரே லிஃப்டில் போகக் கூடாது, தொற்று பரவும், அதனால்தான் பலகை என்றார் வக்கீல். அப்படியானால் பலகையில் துணி என்றுதானே இருக்க வேண்டும், ஆள் என்று ஏன் இருக்கிறது என்று நீதிபதி கேட்டார். வேலை முடித்துக் கை கழுவி, வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற பெண் லிஃப்டில் இறங்கலாமா? வழவழவென்று பேசுகிறவர் முதல் முறையாகத் தொண்டையைக் கனைத்தார். இறங்கக் கூடாது என்றார்.

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. பலகையை அன்று மாலைக்குள் எடுக்க வேண்டும். அழுக்குத் துணிக்கு மூடிய தள்ளுவண்டியும் தனி நேரமும் ஒதுக்க வேண்டும். வழக்கு முடியும் வரை அந்தப் பெண்களில் ஒருவரையும் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. கடைசியில் நீதிபதி குமாஸ்தாவைப் பார்த்து, மனுவை உள்ளபடியே ஏற்று எண் போடச் சொன்னார். "உள்ளபடியே" என்பதை ஒரு தரம் அழுத்திச் சொன்னார்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்கள் என் தங்கையைத் தூக்காத குறையாகச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தின் நடுவிலிருந்து என் மனைவிக்குத் தொலைபேசியில் கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். "அண்ணி, நாலாம் நம்பர் ஒண்ணாம் நம்பர் ஆயிட்டாரு!" வீட்டில் அன்று மாலை என் மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டி, தாழ்மையுடன் பணிந்து குடிக்கும்படி வேண்டினாள். நான் நிமிர்ந்தே குடித்தேன்.

விடுமுறைக்குப் பிறகு முழு விசாரணை நடந்து, தீர்ப்பும் அப்படியே வந்தது. தங்கையின் புது மனுக்களில் இப்போது அந்த வரி "மனுதாரர் கேட்பது" என்றுதான் தொடங்குகிறது. தட்டச்சுக்காரிக்கு நேரம் மிச்சம், அதனால்தான் என்கிறாள். வேறு சில வக்கீல்களும் அப்படியே எழுதத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. அவர்கள் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகட்டும்.

தீர்ப்பு வந்த வாரம் என் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். தங்கையும் வந்தாள். லிஃப்ட் கதவருகில் பலகை தொங்கிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. தலைவியும் அவர் கூட்டமும் வேலைக்கு வந்த நேரம். என்னை விடவில்லை. இன்னிக்கு ஒரு நாளாவது ஏறுங்க ஐயா என்று இழுத்தார்கள். ஏறினேன். இரண்டு மருத்துவர்கள் ஏறினார்கள், ஒரு நோயாளி ஏறினார், என் மனைவி, தங்கை, பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். கதவு மூடப் போகும்போது, பாரம் அதிகம் என்று மணி அடித்தது.

மணி அடித்த உடனே, யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, துப்புரவுப் பெண்கள் அத்தனை பேரும் வெளியேறக் காலெடுத்து வைத்தார்கள். பழக்கம். படியில் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டி நிற்பார்களே, அதே பழக்கம்.

நான் கையைக் குறுக்கே நீட்டினேன். பச்சைக் கொடிக்கு முன்பே கிளம்பும் வண்டியை நிறுத்துவது போல நிறுத்தினேன். அவர்கள் நின்றார்கள். நான் இறங்கினேன். இதைத் தாழ்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் படியேறப் பிடிக்கும்.

மணி நின்றது. கதவு மூடியது. நான் என் பாட்டுக்குக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி மேலே போகும் சத்தமும், அதற்குள் அவர்கள் சிரிக்கும் சத்தமும் ஒவ்வொரு மாடியாக எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. என் மனைவியின் சிரிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் பிரித்து அறிவேன். அதுதான் எல்லாவற்றிலும் உரக்க இருந்தது.

ஆறாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் வரிசையாக நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க வாயை இறுக மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். தலைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லிஃப்ட் இருக்கும்போது எதுக்கு ஐயா படியில வர்றீங்க?"